நல்ல நேரம் பார்த்து 38ஆம் வாரத்திலேயே சிசேரியன் செய்துகொள்ளலாமா?

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தாய்க்கும் சிசுவுக்கும் ஒரு குறையுமில்லை. ஆனால் அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) ஜோசியரிடம் நாள் குறித்து வாங்கி வந்துவிட்டார்.

வேண்டாம் என்பேன். பிரசவ வலி தொடங்கினால்தான் சிசுவின் நுரையீரலில் உள்ள நீர் வேகமாக வற்றும். வலியும் வராமல், 39 வாரமும் நிறையாமல் வயிற்றைக் கீறி எடுத்தால் மூச்சுத்திணறல் வரும் வாய்ப்பு கூடுகிறது. நெஞ்சு உள்வாங்க, முனகி முனகி மூச்சு வாங்கும் பச்சிளங்குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் விட்டுவிட்டுக் கட்டம் எழுதி என்ன பயன்?

தாய்க்கு ரத்தப்போக்கு, தொற்று அபாயம் உண்டு. அடுத்த கர்ப்பத்தில் பழைய தழும்பின்மேல் நஞ்சுக்கொடி ஊடுருவி வளர்ந்தால் கருப்பையையே எடுக்க நேரலாம். அரிதுதான், ஆனால் ஒவ்வொரு சிசேரியனுக்கும் அந்த அபாயம் ஏறிக்கொண்டே போகும்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழகத் தனியார் மருத்துவமனைகளில் 100 பிரசவத்துக்குச் சுமார் 64 சிசேரியன். அத்தனையும் அவசியம் என்று நம்ப நான் தயாரில்லை.

நஞ்சுக்கொடி கருப்பை வாயை அடைத்திருந்தாலோ, சிசுவின் இதயத்துடிப்பு தடுமாறினாலோ கதை வேறு. அப்போது டாக்டர் சொன்னவுடன் கையெழுத்துப் போடுங்கள், ராகு காலமாக இருந்தாலும்.