அப்பா எழுதிய டாஸ் புரோகிராம் ஏன் ஓடவில்லை?

கேள்வி: அப்பா டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) காலத்தில் எழுதிய கணக்குப் புரோகிராம், என் பழைய 32 பிட் விண்டோஸ் 7-இல் நன்றாக ஓடியது. புதிய 64 பிட் கணினியில் திறக்கவே மாட்டேன் என்கிறது. ஆனால் 32 பிட் மென்பொருள்கள் எல்லாம் ஓடுகின்றன. 16 பிட்டுக்கு மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை?

பதில்: உங்கள் அப்பாவின் புரோகிராம் 1978-இல் வந்த இன்டெல்லின் 8086 என்ற 16 பிட் ப்ராசஸரை நம்பி எழுதப்பட்டது. மொத்த மெமரி 1 எம்பி, அதில் எங்கே வேண்டுமானாலும் கை வைக்கலாம். கணினியில் வேறு யாரும் இல்லை என்ற நினைப்பு.

1985-இல் வந்த 386 ப்ராசஸர் இதற்கென்றே ஒரு வழி வைத்திருந்தது. வர்ச்சுவல் 8086 மோடு என்று பெயர். உங்கள் பழைய விண்டோஸில் என்டிவிடிஎம் என்ற பகுதி இதைத்தான் பயன்படுத்தியது. புரோகிராமின் சாதாரணக் கட்டளைகளை ப்ராசஸரே நேராக, முழு வேகத்தில் செய்துவிடும். "இன்டரப்ட் எல்லாவற்றையும் நிறுத்து" என்று அது சொல்லும்போதுதான் சிக்கல். விசைப்பலகை, கடிகாரம் போன்றவை ப்ராசஸரைக் கூப்பிடும் அழைப்புதான் இன்டரப்ட். அப்படியே கேட்டால் கணினி முழுவதும் உறைந்துவிடும். அதனால் ப்ராசஸர் அந்த இடத்தில் நின்று விண்டோஸைக் கூப்பிடும். "இவனுக்கு மட்டும் இன்டரப்ட் கிடையாது" என்று விண்டோஸ் குறித்துக்கொண்டு, அடுத்த கட்டளைக்கு அனுப்பிவிடும். திரையில் எழுதுவதும் அப்படித்தான். டாஸ் புரோகிராம் பி8000 என்ற முகவரியில் எழுத்தைப் போட்டால் அது திரையில் தெரிய வேண்டும். விண்டோஸ் அந்த முகவரிக்குப் பின்னால் வேறு மெமரியை வைத்து, அதில் விழுந்ததை ஒரு சன்னலுக்குள் வரைந்து காட்டும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத ஏற்பாடு இது.

ப்ராசஸர் நிறுவனமான ஏஎம்டி 64 பிட் வடிவமைப்பைக் கொண்டுவந்தபோது (அதன் முதல் ப்ராசஸரான ஆப்டெரான் 2003-இல் வந்தது) 64 பிட் ஓஎஸ் (இயங்குதளம்) ஓடும் நிலையில் இந்த மோடு கிடையாது என்று வைத்துவிட்டார்கள். 32 பிட் கட்டளைகளை அந்த நிலையிலும் ப்ராசஸர் நேராகவே புரிந்துகொள்ளும். விண்டோஸிடம் கேட்கும் உதவிகளை மட்டும் வாவ்64 என்ற விண்டோஸ் பகுதி இடையில் நின்று மாற்றிக் கொடுக்கிறது. நீங்கள் சொல்லும் ஓரவஞ்சனை அங்கே ஆரம்பிக்கிறது.

ஆனால் பழி முழுவதும் ப்ராசஸருக்கில்லை. விண்டோஸ் என்டி முன்பு ஆல்ஃபா, மிப்ஸ் ப்ராசஸர்களிலும் ஓடியது. அவற்றில் இன்டெல் கட்டளையே கிடையாது. அங்கேயும் டாஸ் புரோகிராம்கள் ஓடின, ஒவ்வொரு கட்டளையையும் மென்பொருளே படித்துச் செய்துகாட்டியதால். 64 பிட் விண்டோஸிலும் அதையே தந்திருக்கலாம். தராதது மைக்ரோசாஃப்ட் எடுத்த முடிவு. அதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? பழைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் அந்த வழியில்தான் போகிறது. வேகத்தையும் குறைத்து வைக்கலாம் என்பது அதில் பெரிய வசதி. டர்போ பாஸ்கல் என்ற பழைய புரோகிராம் மொழியில் நான் எழுதிய ஒரு புரோகிராம் புதிய கணினியில் தொடங்கியதுமே "ரன்டைம் எரர் 200" என்று நின்றுவிடும். 55 மில்லி செகண்டில் எத்தனை முறை சுற்றமுடிகிறது என்று எண்ணி, அதை 55-ஆல் வகுக்கும் ஒரு வரி அதன் லைப்ரரியில் இருக்கிறது. ப்ராசஸர் வேகமானதால் விடை 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. டாஸ்பாக்ஸில் வேகத்தைக் குறிக்கும் சைக்கிள்ஸ் என்ற அளவை 3000 என்று வைத்தேன், ஓடியது.

ஆனால் டாஸ்பாக்ஸை விளையாட்டுகளை மனதில் வைத்து எழுதினார்கள். உங்களுடையது கணக்கு, பிரின்ட் எடுக்க வேண்டியிருக்கும். அதற்கு, அதிலிருந்து கிளைத்த டாஸ்பாக்ஸ்-எக்ஸ் பாருங்கள். அதிலும் சரிப்படாவிட்டால், கணினிக்குள் இன்னொரு கணினியை உருவாக்கும் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் உங்கள் பழைய 32 பிட் விண்டோஸையே நிறுவுங்கள். உள்ளே ஓடுவது 32 பிட் ஓஎஸ் என்பதால் பழைய மோடு அங்கே திரும்பக் கிடைக்கும். எதைச் செய்தாலும் முதலில் டேட்டா ஃபைல்களை நகல் எடுத்துவிட்டு, நகலில் மட்டும் சோதியுங்கள். ஏதாவது ஒரு மாதக் கணக்கைப் பிரின்ட் எடுத்து, அப்பா எடுத்து வைத்திருக்கும் பழைய தாளோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் புதிய பதிவுகளைத் தொடங்கலாம்.