இரண்டு மாதத்தில் சிசேரியன் விகிதம் 38-லிருந்து 52: காரணத்தை எங்கே தேடுவது?

உங்கள் பெங்களூரு மருத்துவமனையில் சிசேரியன் விகிதம் இரண்டு மாதத்தில் 38-லிருந்து 52 சதவீதமாக உயர்ந்தது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். மொத்த விகிதத்தை மட்டும் வைத்துக் காரணம் சொல்ல முடியாது. முந்தைய பிரசவங்கள், குழந்தையின் நிலை, கர்ப்ப வாரம் போன்றவற்றை வைத்து ராப்சன் என்ற மருத்துவர் வகுத்த பத்துப் பிரிவுகளாகப் பிரசவங்களைப் பிரித்த பிறகே சொல்ல முடியும். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்ததும் இம்முறையைத்தான்.

நான் முதலில் சந்தேகிப்பது ஐந்தாம் பிரிவை: முன்பு சிசேரியன் ஆகி, இப்போது தலை கீழிருக்கும் ஒற்றைக் குழந்தையோடு 37 வாரம் நிறைந்து வருபவர்கள். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து பெரும்பாலும் மீண்டும் சிசேரியனே ஆகும் இத்தகையவர்கள் கூடுதலாக அனுப்பப்பட்டால், மருத்துவர்களின் அணுகுமுறை சிறிதும் மாறாமலேயே விகிதம் ஏறிவிடும்.

1. அந்த இரு மாதங்களின் பிரசவ அறைப் பதிவேட்டில் ‘ஜி2 பி1’ (இரண்டாவது கர்ப்பம், முன்பு ஒரு பிரசவம்) என்று மட்டும் எழுதிய வரிகளைத் தேடுங்கள். முந்தைய பிரசவம் எப்படி நடந்தது என்பது அதில் இராது; கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் அந்தப் பெண்ணை எந்தப் பிரிவிலும் சேர்க்காதீர்கள். இந்த ஒரு பிழையே முழுக் கணக்கையும் குலைத்துவிடும்.

2. பிறகு முதல் பிரசவத்துக்கு வந்தவர்களை, அதாவது ஒன்றாம், இரண்டாம் பிரிவுகளைப் பாருங்கள். அங்கே விகிதம் ஏறியிருந்தால் தயவுசெய்து அதை உடனே தலைமை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். அங்கே சிசேரியன் ஆகும் பெண்கள்தாம் அடுத்த முறை ஐந்தாம் பிரிவில் வருவார்கள்.

மாதம் 90 பிரசவங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அளவில் பத்துப் புள்ளி வரை தற்செயலாகவே ஏறி இறங்கும் என்பதால், மூன்று மாதங்களைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். தேசிய குடும்பநல ஆய்வின் (2019-21) கர்நாடக விகிதமான 31.5 சதவீதத்தோடு இதை ஒப்பிட வேண்டாம். அது வீட்டுப் பிரசவங்களையும் சேர்த்து மாநிலம் முழுமைக்கும் எடுத்த கணக்கு.