பதில்: ஆர்கானிக் கெமிஸ்ட்ரில சி பிளஸ், ப்ரீ-மெட்ட (அமெரிக்கால மெடிக்கல் காலேஜ் சேர்றதுக்கான தயாரிப்பு படிப்பு) விட்டுடலாமா?

ஒரே ஒரு சி பிளஸ்க்கு இப்டி பயப்படாதீங்க தம்பி, இன்னும் ரெண்டாவது வருஷம்தானே. அந்த கோர்ஸ திரும்ப எடுக்கலாமான்னு கேட்டிருந்தீங்க, ஆம்காஸ்ங்கிற மெடிக்கல் காலேஜ் பொது அப்ளிகேஷன்ல பழைய கிரேடு அழியாது, ரெண்டையும் சேத்துதான் ஜிபிஏ, அதாவது கிரேடு சராசரி, போடுவாங்க, அதனால நானா இருந்தா எடுக்கமாட்டேன், அடுத்து வர்ற ஆர்கானிக் 2லயும் பயோகெமிஸ்ட்ரிலயும் ஏ வாங்கி காட்டுவேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் மேஜர மாத்தவே வேணாம், எந்த மேஜரும் ஓகேதான், ஆனா பயாலஜி கெமிஸ்ட்ரி பிசிக்ஸ் மேத்ஸ் ஜிபிஏவ தனியா பாப்பாங்க. மெடிக்கல் காலேஜ் நுழைவுத் தேர்வு எம்கேட்ல கார்ஸ்னு பேசேஜ் படிச்சு பதில் சொல்ற பகுதி இருக்கே, 90 நிமிஷத்துல 53 கேள்வி, அதுக்கு இப்பவே தினம் ஒரு பேசேஜ் படிங்க, கடைசில பாத்துக்கலாம்னு விட்டு நான் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஆமா, ஹாஸ்பிட்டல் வாலண்டியரிங் எதுவும் பண்றீங்களா? அத பத்தி ஒரு வரி கூட எழுதலயே.