தீவுக்கு அடியில மிதக்குற தண்ணி

வணக்கம் சார்,
பசிபிக் கடல்ல துவாலுன்னு ஒரு குட்டி நாடு மூழ்கப்போகுதுன்னு நியூஸ்ல பாத்தேன். ஆறு இல்ல, ஏரி இல்ல, சுத்தி உப்புத்தண்ணி, எப்படி இத்தனை காலமா அங்க குடியிருக்காங்க? மூழ்குற வரைக்கும் காத்திருக்காம இப்பவே கிளம்பிடலாமே?
ஒரு வாசகர், தேனி

வணக்கம்,

துவாலு 9 தீவு, எல்லாம் சேத்தே 26 சதுர கிலோமீட்டர்தான், சனம் 11,000 பக்கம். தலைநகர் இருக்குற ஃபோங்காஃபாலே தீவு கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர் நீளம், ஆனா நல்லா விரிஞ்ச எடத்துலயே 400 மீட்டர் அகலம்தான், சில எடத்துல இந்தப் பக்கம் கடல் அந்தப் பக்கம் காயல் நடுவுல ரோடு, அவ்வளவுதான் ஊரு. மண்ணுன்னு பாத்தா பவளம் உடைஞ்ச மணலும் கல்லும். மழை பேஞ்சா அதுல இறங்கி, உப்புத்தண்ணிய விட லேசா இருக்கறதால அது மேல மிதந்து நிக்குது.

அந்தத் தண்ணி தட்டுற வரைக்கும் குழி தோண்டி, இலைதழைய மக்கவச்சு மண்ணையும் அவங்களே உண்டாக்கி, புலாகான்னு ஒரு கிழங்கு போடுவாங்க. நம்ம சேம்பு குடும்பந்தான், ஆனா ஆள் உயரத்தத் தாண்டி வளரும். இந்தக் குழிங்க பாட்டன் பூட்டன் வழியா வர்ற குடும்பச் சொத்து. வெறும் பவளத்துல வயல் உண்டாக்குன சனங்க இவங்க, எனக்கு இதப் படிக்கிறப்பெல்லாம் மலைப்பா இருக்கும்.

நீங்க நினைக்கிற மாதிரி கடல் மேல ஏறி வந்து மூடுறது கடைசியில நடக்குறது. அதுக்கு முன்னாடியே கடல் ஏத்தம் உச்சத்துல இருக்குறப்ப பவளத்து ஓட்டை வழியா தரையிலேருந்தே உப்புத்தண்ணி பொங்கி வருது, சுவர் கட்டி இத நிறுத்த முடியாது, புலாகா அழுகிடும். குடிக்கிறதுக்கு கூரைத்தண்ணிய தொட்டியில பிடிக்கிறதுதான், 2011ல மழை பொய்ச்சப்ப வெளிநாட்டுலேருந்து கடல் தண்ணிய நல்ல தண்ணியாக்குற மெஷின் இறக்க வேண்டியதாப் போச்சு. இதுல 1943ல அமெரிக்க ராணுவம் ரன்வே போட பவளம் தோண்டுன பள்ளங்கள வேற அப்படியே விட்டுட்டுப் போனாங்க, 2015ல நியூசிலாந்து மூடிக்குடுக்க 70 வருஷம் ஆயிருக்கு. எனக்கு இன்னிக்கும் ஆத்திரமா வருது.

கிளம்புறதப் பத்தி. 2023ல ஆஸ்திரேலியாவோட ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, வருஷத்துக்கு 280 பேர் குலுக்கல்ல விசா வாங்கி அங்க போய் குடியேறலாம். 2025ல முதல் குலுக்கலுக்கு குடும்பத்தோட சேத்து பாதிக்கு மேல சனம் பேர் குடுத்துடுச்சு. ஆனா ஊர வேணாம்னு சொன்னதா எடுத்துக்காதீங்க, அந்த விசாவுல போனவங்க எப்ப வேணா திரும்பி வரலாம், ஊர்ல ஆள் இருந்தாத்தான குழியப் பாத்துக்க முடியும். இன்னொரு பக்கம் காயல் மணல அள்ளிப் போட்டு ஃபோங்காஃபாலேல 7 ஹெக்டேர் மேட்டு நிலம் புதுசா உண்டாக்கியிருக்காங்க, கிளம்பப்போறவங்க யாரும் இத செய்ய மாட்டாங்க.