டெக்சாஸ் குடியேறிகளின் மனக்குறை விடுதலைப் போராக மூண்டது எப்படி?

அப்போது மெக்சிகோவின் பகுதியாக இருந்த டெக்சாஸில், அந்நாடு தானே நிலம் கொடுத்து வரவழைத்த அமெரிக்கக் குடியேறிகள் 1836-இல் அதனிடமிருந்தே பிரிந்தது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். தொடக்கத்தில் அவர்கள் பிரிவினையைக் கேட்கவில்லை. மெக்சிகோவின் 1824-ஆம் ஆண்டுக் கூட்டாட்சி அரசியலமைப்பு மாநிலங்களுக்குத் தந்த அதிகாரத்தை நம்பியே, ஸ்டீபன் ஆஸ்டின் போன்றோர் அமெரிக்கக் குடும்பங்களை அங்கே குடியமர்த்தினர்.

உரசலைத் தொடங்கி வைத்தது 1830 ஏப்ரல் 6-ஆம் நாள் சட்டம். அமெரிக்காவிலிருந்து மேலும் ஆட்கள் குடியேறுவதைத் தடுத்த அச்சட்டத்தோடு, சுங்க வரியும் படைக்காவலும் வந்து சேர்ந்தன. பருத்தி விளைவித்த குடியேறிகள், மெக்சிகோ ஒழிக்க முனைந்த அடிமை முறையைக் கைவிட விரும்பாததும் முக்கியக் காரணம். உரிமைப் போர் என்று மட்டும் இதைப் புகழ்வோர் அதைச் சொல்வதில்லை. டெக்சாஸுக்குத் தனி மாநிலத் தகுதி கேட்டு மெக்சிகோ நகரம் சென்ற ஆஸ்டின் 1834-இல் சிறைப்பட்டார்.

திருப்புமுனை 1835-இல் வந்தது. மெக்சிகோ அதிபர் சாந்தா அன்னா கூட்டாட்சியைக் கலைத்து, எதிர்த்த சகடேகாஸ் மாநிலத்தைப் படைகொண்டு நசுக்கியதும், சமரசம் பேசியவர்களின் குரல் எடுபடாமல் போயிற்று. அக்டோபர் 2-இல், டெக்சாஸின் கொன்சாலஸ் ஊரார் தங்களிடமிருந்த சிறு பீரங்கியை மெக்சிகோ படையிடம் திருப்பித்தர மறுத்தபோது முதல் மோதல் நிகழ்ந்தது. அப்போதும் பலர் 1824 அரசியலமைப்புக்காகவே போரிடுவதாகக் கூறினர். விடுதலைப் பிரகடனம் 1836 மார்ச் 2-இல்தான் வெளியானது. ஏப்ரல் 21-இல் சான் ஹசிந்தோவில் சாந்தா அன்னாவின் படை தோற்று, மறுநாள் அவரும் பிடிபட்டார்.