வாய் தவறி 'ஹி' என்று வந்துவிட்டது, விசா போகுமா?

தம்பி, இங்கிலாந்தின் கவென்ட்ரிக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது என்றும், உங்கள் டெக் லீட் (தொழில்நுட்பக் குழுவின் தலைவர்) ஒரு திருநங்கை என்றும் எழுதியிருந்தீர்கள். தினசரி நடக்கும் குட்டி ஸ்டாண்டப் மீட்டிங்கில் அவரைப் பற்றிப் பேசும்போது 'ஷி' என்பதற்குப் பதில் 'ஹி' வந்துவிட்டது, அன்றிலிருந்து தூக்கமில்லை, வேலை போனால் விசாவும் போகுமே என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே இன்னொரு கேள்வி. சாப்பாட்டு மேசையில் இந்த ஊர்க்காரர்கள் இரண்டு பேர் இதே விஷயத்தில் வாக்குவாதம் செய்துவிட்டு, கடைசியில் "உங்கள் இந்தியாவில் என்ன சொல்வார்கள்?" என்று உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். சிரித்து மழுப்பிவிட்டேன், சரிதானா அக்கா என்கிறீர்கள்.

முதலில் தூக்கத்துக்கு வழி பார்ப்போம். வாய் தவறி ஒரு முறை வந்த சொல்லுக்காக யாரையும் வீட்டுக்கு அனுப்பி நான் பார்த்ததில்லை. பதினாறு வருடமாக இங்கே மென்பொருள் டெஸ்டிங்கில் குப்பை கொட்டுகிறேன். வேகமாக ஆங்கிலம் பேசும்போது 'ஹி', 'ஷி' மாறுவது நம் ஆட்களுக்குப் புதிதா என்ன? என் அப்பா போனில் என் பெண்ணைக்கூட 'ஹி' என்றுதான் சொல்வார். தவறினால் உடனே "ஸாரி, ஷி" என்று திருத்திவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். நீங்கள் செய்ததாக எழுதியிருக்கிறீர்களே, மீட்டிங் முடிந்ததும் அவர் இருக்கைக்குப் போய் ஐந்து நிமிடம் மன்னிப்புக் கேட்டது, அதை மட்டும் இனிமேல் செய்யாதீர்கள். தேற்ற வேண்டிய வேலையும் அவர் தலையில் விழுந்துவிட்டது, பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், பயம் பாதி குறையும். இங்கே 2010-இல் வந்த சமத்துவச் சட்டம்தான் அடிப்படை. வயது, இனம், மதம், உடல் ஊனம் என்று அது பாதுகாக்கும் அடையாளங்கள் மொத்தம் ஒன்பது. (ஒன்பது என்ற எண்ணைப் பற்றி என்னிடம் ஒரு கதை இருக்கிறது, பின்னால் வருகிறேன்.) அதில் ஒன்று பாலின மாற்றம். அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டும், டாக்டர் சீட்டுக் காட்ட வேண்டும் என்றெல்லாம் கிடையாது. மாறப்போகிறேன் என்று முடிவெடுத்தவருக்கும் பாதுகாப்பு உண்டு. உங்கள் உச்சரிப்பைக் கிண்டல் செய்து ஒருவன் தினமும் பேசினால் உங்களைக் காப்பதும் இதே சட்டம்தான்.

அதன் 26-ஆவது பிரிவு துன்புறுத்தல் பற்றியது. அந்த அடையாளம் சார்ந்து ஒருவர் கண்ணியத்தைக் குலைக்கும் நோக்கம் இருந்தாலும் சரி, நோக்கம் இல்லாமல் விளைவு மட்டும் அப்படி இருந்தாலும் சரி, துன்புறுத்தல்தான். "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்" என்பது இங்கே செல்லாத நோட்டு. ஆனால் விளைவை எடைபோடும்போது சூழ்நிலையையும், பாதிக்கப்பட்டவர் அப்படி உணர்ந்தது நியாயமா என்பதையும் பார்ப்பார்கள். உங்கள் 'ஹி' அங்கேயே அடங்கிவிடும்.

எது அடங்காது என்பதற்கு உங்கள் பக்கத்து ஊர்களிலேயே உதாரணம் இருக்கிறது. ஜாகுவார் லேண்ட் ரோவரில் இருபது வருடம் போல வேலை பார்த்த ஒரு பொறியாளர், தன்னை ஆண் பெண் என்ற இரண்டில் ஒன்றாகச் சுருக்க முடியாது என்று வெளிப்படையாகச் சொன்ன பிறகு சக ஊழியர்களின் கிண்டலும் வசவும் தொடர்ந்தன. எந்தக் கழிப்பறைக்குப் போவது என்பதும் பிரச்சினை ஆனது. 2020-இல் பர்மிங்ஹாம் தொழிலாளர் தீர்ப்பாயம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இழப்பீடு 1,80,000 பவுண்டு. கிண்டல் தொடர்ந்ததும், புகார் சொன்ன பிறகும் நிர்வாகம் உருப்படியாக ஒன்றும் செய்யாததும்தான் அந்தத் தொகைக்குக் காரணம்.

விசா விஷயமும் சொல்லிவிடுகிறேன். வேலை போனால் கம்பெனி உள்துறை அமைச்சகத்துக்குத் தெரிவிக்கும். வழக்கமாக 60 நாளுக்கு விசாவைச் சுருக்குவார்கள், அதற்குள் வேறு ஸ்பான்சர் பிடிக்க வேண்டும். பயம் நியாயமானதுதான். ஆனால் அதை மீட்டிங்கில் வந்த 'ஹி'யிடம் செலவழிக்காமல், உங்கள் பேட்ச் பையன்களின் வாட்ஸாப் குழுவுக்கு எடுத்து வையுங்கள். டெக் லீட் படத்தைப் போட்டு யாரோ மீம் செய்ததாகப் போகிற போக்கில் எழுதியிருந்தீர்களே, உங்கள் கேள்வியில் என்னை உறுத்திய வரி அதுதான். சக ஊழியர்கள் இருக்கும் குழுவிலிருந்து அந்தப் படம் வெளியே போனால், சொந்தப் போன், சொந்த நேரம் என்பதெல்லாம் நிற்காது. வெளியேறுங்கள். முடிந்தால் "இது வேண்டாம்டா" என்று ஒரு வரி போட்டுவிட்டு வெளியேறுங்கள்.

இன்னொரு ஆபத்து நம் மாதிரி ஐடி ஆட்களுக்கென்றே இருக்கிறது. ஊழியர் விவரங்களை ஒரு சிஸ்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வேலையில் இருப்பதாகச் சொன்னீர்கள். அதில் ஒருவரின் பழைய பெயர் கண்ணில் படலாம். 2004-இல் வந்த பாலின அங்கீகாரச் சட்டத்தின்படி சான்றிதழ் பெற்ற ஒருவரின் பழைய பாலினத்தை, வேலை நிமித்தமாகத் தெரிந்துகொண்டவர் வெளியே சொன்னால் அது குற்றவியல் குற்றம். சில விதிவிலக்குகள் உண்டு, அரட்டை அதில் சேராது. யாரிடம் சான்றிதழ் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. பார்த்ததைப் பார்க்காத மாதிரி விட்டுவிடுங்கள்.

சரி, அந்தச் சாப்பாட்டு மேசை. அவர்கள் எதற்காகச் சண்டை போட்டார்கள் என்பது நீங்கள் எழுதியதிலிருந்தே புரிகிறது. 2025 ஏப்ரல் 16 அன்று இங்கே உச்ச நீதிமன்றம், சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்பதும் 'பால்' என்பதும் பிறப்பால் வருவதையே குறிக்கும் என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. ஸ்காட்லாந்து அரசுக்கு எதிராக ஒரு பெண்கள் அமைப்பு போட்ட வழக்கு. தீர்ப்பை வாசித்த நீதிபதி, ஒரு தரப்பு இன்னொரு தரப்பை வென்றதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும், திருநர்களுக்குப் பாகுபாட்டிலிருந்து உள்ள பாதுகாப்பு அப்படியே இருக்கிறது என்றும் சேர்த்தே சொன்னார். அந்த இரண்டாவது பாதி பல அலுவலகங்களின் மதிய உணவு இடைவேளைக்கு வந்து சேரவே இல்லை.

அதற்கு முன் 2021-இல் இன்னொரு தீர்ப்பு. பிறப்பால் வந்த பாலை மாற்ற முடியாது என்று ட்விட்டரில் எழுதிய ஆய்வாளர் ஒருவருக்கு அவர் வேலை பார்த்த இடத்தில் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. அவர் நம்பிக்கை ஜனநாயக சமூகத்தில் மதிக்கத் தக்கதல்ல என்று 2019-இல் சொல்லப்பட்டதை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மாற்றி, அந்த நம்பிக்கைக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு என்றது. அதே தீர்ப்பில், அதற்காகத் திருநர்களை இஷ்டத்துக்கு மாற்றுப் பாலில் அழைக்கலாம் என்று பொருளில்லை என்றும் எழுதியது. ஆக, உங்கள் மேசையில் இருந்த இரண்டு பேரில் ஒருவர் மற்றவரை 'ஃபாசிஸ்ட்' என்றதும் அதிகம், மற்றவர் டெக் லீடைக் காட்டி 'பாவாடை கட்டிய ஆம்பளை' என்றதும் அதிகம். ஆனால் இரண்டையும் ஒரே தராசில் நான் வைக்க மாட்டேன். முதல் வசவு வாங்கியவர் மேசையில் உட்கார்ந்து பதில் சொன்னார். இரண்டாவதை வாங்கியவர் அங்கே இல்லவே இல்லை. கருத்துச் சண்டைக்குள் ஒரு சக ஊழியரின் உடம்பை இழுத்த இடத்தில் அது கருத்தாக இல்லாமல் போய்விட்டது. சட்டத்திலும் கோடு கிட்டத்தட்ட அங்கேதான் விழுகிறது.

இந்தியாவைக் கேட்டார்களே, அதை என்னிடமும் கேட்டிருக்கிறார்கள், பல முறை. ஒரு தரப்புக்கு நாம் 'ஆயிரம் வருடமாக மூன்றாம் பாலை மதித்த நாடு' என்று சாட்சி சொல்ல வேண்டும். இன்னொரு தரப்புக்கு 'எங்கள் ஊரில் இதெல்லாம் கிடையாது' என்று சொல்ல வேண்டும். இரண்டுக்கும் நான் ஆள் இல்லை. கூவாகத்தில் திருநங்கைகள் கூத்தாண்டவர் பெயரில் தாலி கட்டிக்கொள்ளும் திருவிழா இருக்கிறது, 2008-இல் தமிழ்நாட்டில் நல வாரியம் அமைத்தார்கள், 2014-இல் மூன்றாம் பாலினத்தை நம் உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது. அதே ஊரில்தான் பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே வரும், வாடகைக்கு வீடு கிடைக்காது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் யாருக்கும் ஆயுதம் கிடைக்காது, பேச்சு தானாக கிரிக்கெட்டுக்குப் போய்விடும்.

இப்போது அந்த ஒன்பது. நான் வந்த நான்காவது வருடம், முன்பிருந்த கம்பெனியில், பில்ட் வேலை பார்த்த ஒருவர் விடுமுறை முடிந்து பெண்ணாகத் திரும்பி வந்தார். நானும் திருச்சிக்காரப் பையன் ஒருவனும் காபி மிஷின் அருகே தமிழில் பேசிக்கொள்வோம். அவன் அவரை 'ஒம்போது' என்பான். நான் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் சிரித்தேன். ஒருநாள் அவர் என்னிடம், "அடிக்கடி ஒம்போது என்கிறீர்களே, அப்படி என்றால் என்ன?" என்று கேட்டார். எண் ஒன்பது என்றேன். பொய் இல்லைதானே. அடுத்த வாரம் எங்கள் மென்பொருளின் ஒன்பதாவது ரிலீஸ். ஏழெட்டுப் பேர் இருந்த அறையில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "ரிலீஸ் ஒம்போது ரெடி" என்றார். தமிழ்ச் சொல் ஒன்று கற்றுக்கொண்ட சந்தோஷம் மாதிரி இருந்தது. அந்தப் பையன் எழுந்து வெளியே போனான். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

மூன்று மாதம் கழித்துத்தான் அவரிடம் உண்மையைச் சொன்னேன். "அன்றைக்கே தெரியும், உன் முகத்தைப் பார்க்கத்தான் சொன்னேன்" என்றார். பிறகு இரண்டு வருடம் அவரோடு வேலை பார்த்தேன். நல்ல பழக்கம்தான், ஆனால் என் முன்னால் அவர் தன் வீட்டு விஷயம் எதுவும் பேசியதில்லை.

கடைசியாக, ஈமெயில் கையெழுத்தில், என்னை இப்படிக் குறிப்பிடுங்கள் என்று காட்ட 'ஹி, ஹிம்' போட வேண்டுமா என்று கேட்டீர்கள். பல கம்பெனிகளில் கட்டாயம் கிடையாது, உங்கள் மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். போடாததை யாரும் குற்றமாக எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஒருவர் 'தே' என்று போட்டிருந்தால் குழம்பாதீர்கள். அவர், அவங்க என்று பால் காட்டாமல் பேசியே வளர்ந்தவர்கள் நாம், இந்த ஊர்க்காரர்களைவிட நமக்கு அது சுலபம். நான் ஐந்தாறு வருடமாக 'ஷி, ஹர்' போடுகிறேன். கொள்கை எல்லாம் பெரிதாக இல்லை. தமிழரசி என்ற பெயரைப் பார்த்து எல்லோரும் மிஸ்டர் போட்டே எழுதிக்கொண்டிருந்தார்கள். அலுவலகத்தில் அது நின்றுவிட்டது. பாய்லர் சர்வீஸ்காரர் மட்டும் இன்னும் மிஸ்டர் தமிழரசிக்குத்தான் பில் அனுப்புகிறார்.