விமானிப் படிப்புக்காக வீட்டை அடகு வைக்காதீர்கள்

செந்தூலிலிருந்து எழுதிய தாயாருக்கு,

எஸ்.பி.எம். என்ற ஐந்தாம் படிவத் தேர்வை முடித்த மகனை விமானிப் பயிற்சியில் சேர்த்தே ஆகவேண்டும் என்று அவனுடைய தாய்மாமா ஒற்றைக் காலில் நிற்கிறார். உங்களுக்கோ 2023 ஆகஸ்டில் எல்மினாவில் விழுந்த சிறு விமானம் மனத்தை விட்டு அகலவில்லை. 10 உயிர்களைக் கொண்டுபோன விபத்து. பயம் வராமல் இருக்குமா? ஆனால், அந்த விமானம் சுபாங் விமான நிலைய ஓடுபாதையை எட்டும் முன்பே விழுந்தது. பயிற்சி விமானங்கள் தரையிறங்கும்போது நேரும் விபத்துகள் பெரும்பாலும் உயிரை வாங்குவதில்லை, விமானத்தைத்தான் முடமாக்குகின்றன.

ஆகவே பயத்தைச் சொல்லி நான் தடுக்கப்போவதில்லை. பணத்தைச் சொல்லித் தடுக்கிறேன். உரிமம் கைக்கு வருவதற்குள் மூன்று லட்சம் வெள்ளி (ரிங்கிட்) எளிதில் கரைந்துவிடும். அதன் பிறகும் வேலைக்கு உத்தரவாதம் கிடையாது. இருக்கும் ஒரே வீட்டை அடகு வைக்கச் சொல்லும் மாமா, மாதத் தவணையில் பாதியைக் கட்டுவாரா? மரியாதையாகவே கேளுங்கள், ஆனால் கேளுங்கள்.

பையனிடம் தனியாகப் பேசினேன். சீருடையைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. காணொளியில் பார்த்த செஸ்னா என்ற சிறு விமானம்தான் பேச்செல்லாம்: தரையில் மோதி எம்பியது, விமானி பதறி மூக்கைக் கீழே அழுத்தினார், முன்சக்கரம் மடங்கிப்போனது. "சக்கரத்தை மாற்றிவிட்டால் மறுபடியும் பறக்குமா சார்?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சம்பளம் வாங்குபவர் விமானப் பராமரிப்புப் பொறியாளர். செஸ்னா 172-இல் முன்சக்கரக் கால், எஞ்சினுக்கும் விமானி அறைக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகட்டில் பொருத்தப்பட்டிருக்கும். மோதலுக்குப் பிறகு அந்தத் தகட்டில் டார்ச் அடித்துச் சுருக்கம் தேடுவார்கள். தகடுகளை இணைக்கும் ஆணியான ரிவெட் தளர்ந்து, அதைச் சுற்றிக் கறுப்புக் கறை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். எஞ்சின் சுழற்றும் காற்றாடி ஓடுபாதையில் அடிபட்டிருந்தால் புதிய காற்றாடி மட்டும் போதாது. எஞ்சினைப் பிரித்து, காற்றாடியைச் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உண்டா என்று காந்தத் துகள்களால் சோதிக்க வேண்டும். கடைசியில் பொறியாளர் கையெழுத்துப் போட்டால்தான் எந்த விமானியும் அதைப் பறக்கவிட முடியும்.

வழி இதுதான்: சிஏஏஎம் எனப்படும் மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையம் பராமரிப்புப் பொறியாளர்களுக்குத் தரும் பகுதி 66 உரிமம். பிஸ்டன் எஞ்சின் சிறு விமானங்களுக்கு பி1.2, டர்பைன் விமானங்களுக்கு பி1.1, மின்னணுக் கருவிகளுக்கு பி2. பி1.1-ஐயே எடுக்கச் சொல்வேன். பயணிகள் விமானங்கள் அதில்தான் அடங்கும். பாடத்துக்குப் பாடம் தேர்வு உண்டு, 75 விழுக்காடு எடுத்தால்தான் தேர்ச்சி. மனிதத் தவறுகளைப் பற்றியே தனிப் பாடம் இருக்கிறது. இதைக் கற்றுத்தரும் யூனிகேஎல் மியாட் கல்லூரி சிலாங்கூரில் இருக்கிறது. வேறு கல்லூரியானால், பயிற்சி நிலையங்களுக்கு ஆணையம் தரும் பகுதி 147 அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள்.

சொகுசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். படிப்புக்குப் பிறகு பட்டறை அனுபவம் சேர்த்த பின்புதான் உரிமம் வரும்; இரவுப் பணியும் உண்டு. ஆனால் செலவு, விமானிப் பயிற்சிக்கு ஆவதில் ஒரு சிறு பங்குதான். வீடு உங்கள் பெயரிலேயே இருக்கும்.

விண்ணப்பத்தை மகனே நிரப்பட்டும். மாமாவிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் அவரை என்னிடம் அழைத்து வாருங்கள், நான் சொல்லிக்கொள்கிறேன்.